யார் பெற்ற பிள்ளை?



சுவீகாரம் என்றும் தத்து என்றும் நம் நாட்டில் வழங்கும் செயலைக் குறித்து நெடுங்காலமாக ஓர் எண்ணம் ஊறிக் கிடக்கின்றது. பிள்ளை இல்லாதவன் தன் குலம் அற்றுப் போகாமல் காத்துக்கொள்ளவும், இறந்தபின் தனக்குப் பிண்டம் வைக்க ஒருவனை அமைத்துக்கொள்ளவும் செய்கின்ற ஏற்பாடே அஃது என்பதாம். பழைய சாத்திரச் சட்டப்படி பொதுவாக ஆண்பிள்ளையையே தத்தெடுக்கலாம். அவனும் எடுப்பவனுடைய வருணத்தில் பிறந்தவனாய் இருத்தல் வேண்டும். அந்த ஏற்பாட்டில் முன்னோர் நலம் பேசப்பட்டது, சொத்தின் நலம் பேசப்பட்டது, பிள்ளையின் நலம் ஒன்றுதான் பேசப்படவில்லை.

இதனை மாற்றிய சட்டம் 1956 டிசம்பரில் வந்தது. டாக்டர் அம்பேத்கர் பாராளுமன்றத்தில் போராடிய இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா நிறைவேறாமற் போக, அவர் 1951-இல் அமைச்சர் பதவி துறந்தார். பின்னர் அத்தொகுப்பு நான்கு சட்டங்களாகப் பிரிந்து வந்தது. அவற்றுள் ஒன்றே இந்துத் தத்தெடுத்தல், ஜீவனாம்சச் சட்டம். பௌத்தரும் சமணரும் சீக்கியரும் அதன்கண் அடங்குவர். பெண்மகவையும் ஏற்கலாம் என்றாயிற்று. வருணக் கட்டு நீங்கிற்று. தத்துக்குக் கைம்மாறாகப் பணம் பெறுதலும் தருதலும் குற்றமாயின. இன்று 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின்படி எம்மதத்தவரும் மகவேற்பு செய்யலாம். சட்டம் இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டது. உள்ளம் எவ்வளவு தூரம் வந்தது என்பதே இங்கு வினா.

தில்லியில் மோதி பாக் என்னும் பகுதி மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்தது. தமிழ்க் குடும்பங்கள் பல்லாண்டுகளாக அங்கு வாழ்வதால் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்றும் அவ்விடத்தே உண்டு. அதனை அடுத்துள்ள இராமகிருஷ்ணபுரத்தில்தான், அயல்நாட்டு மகவேற்புகளுக்குத் தடையின்மைச் சான்று வழங்கும் 'காரா' என்னும் மத்திய ஆணையத்தின் அலுவலகம் பல்லாண்டுகள் இயங்கி வந்தது. யான் தில்லி செல்லும்போது தங்கும் வீடு மோதி பாக்கில் உள்ளது. மகன் அரசு ஊழியர். விதவைத் தாயார் அவருடன் இருக்கின்றார். மகளோ அங்குள்ள தமிழ்ப்பள்ளியிலே படித்து, இப்பொழுது கணவருடன் கனடாவில் வாழ்கின்றார். இந்தியக் குடியுரிமையை விடாத அவ்விருவரும் இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையை ஏற்க விண்ணப்பித்தனர். அதற்கு அவர்கள் ஆயத்தமான வகையையும், மோதி பாக் வீடு ஆயத்தமான வகையையும் அருகிருந்து கண்டமையால் இதனை எழுதுகின்றேன்.

முதலில் வந்தது இல்ல ஆய்வு. அந்நாட்டில் அதற்கென அதிகாரம் பெற்ற நிறுவனத்தின் சமூகப் பணியாளர் பலமுறை வீட்டிற்கு வந்தார். வருமானம், நோய், காவல்துறைச் சான்று முதலியவை எளியவை. காகிதம் தேடினால் கிடைத்துவிடும். அவற்றை விட்டுப் பிறவற்றைக் கேட்டபோதுதான் இருவரும் தடுமாறினர். உங்களை உங்கள் தந்தை அடித்ததுண்டா? பிள்ளை பிறவாமையின் துக்கத்தை நீங்கள் அழுது தீர்த்துவிட்டீர்களா, அன்றி இக்குழந்தையைக் கொண்டு ஆற்ற நினைக்கின்றீர்களா? இக்குழந்தை ஓராண்டு வரை உங்களை அணைத்துக்கொள்ளாவிடின் என்ன செய்வீர்கள்? மருமகன் சினங்கொண்டு, "பெற்றுக்கொள்வோரை ஒருவரும் இவ்வாறு பரீட்சை செய்வதில்லையே! எங்களை மட்டும் ஏன்?" என்று மோதி பாக்கிற்குத் தொலைபேசியில் குமுறினார்.

அவர் சினம் பொருளற்றதன்று. ஆயினும் அவ்வினாக்கள் நியாயமானவை என்பதே என் துணிபு. பெற்றுக்கொள்பவர் தம் வயிற்றினின்று ஓர் உயிரைக் கொணர்கின்றார். மகவேற்போர் கையிலோ, தனக்காகப் பேச இயலாத, முன்பே ஓர் இழப்பைக் கண்டுவிட்ட உயிர் ஒப்படைக்கப்படுகின்றது. கடல் கடந்தபின் அது அழுதால் இங்குள்ள எவர் செவியிலும் விழாது. இந்திய அரசியலின் கையெழுத்தும் முத்திரையும் பெற்றுப் போகும் பிள்ளைக்கு இந்தியா பொறுப்பன்றோ?

இவ்வெச்சரிக்கை சும்மா பிறந்ததன்று. 1982-இல் லட்சுமிகாந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் உச்சநீதிமன்றத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியக் குழந்தைகளை வெளிநாட்டார்க்கு அளிக்கும் நிறுவனங்களின் முறைகேடுகளை அதில் எடுத்துரைத்தார். அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1984 பிப்ரவரியில் நீதிபதி பகவதி அவர்கள் தீர்ப்பு வழங்கினார். முதலில் இந்தியப் பெற்றோரைத் தேட வேண்டும்; வெளிநாட்டார் நேரே வந்து குழந்தையைக் கொண்டுபோகலாகாது, தம் நாட்டு நிறுவனத்தின் ஆய்வறிக்கையுடன் வர வேண்டும் என்னும் நெறிகள் அதனால் வந்தன. காரா 1990-இல் அமைந்தது. 1993-இல் ஹேக் நகரில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா 2003-இல் ஏற்றது.

நெறி இருந்தும் களவு நின்றதா? 2005-இல் சென்னையில் வெளியான கொடுமையை நம் அன்பர் பலர் அறிவர். ஏழைகளின் குடியிருப்புகளில் தாயருகே உறங்கிய, தெருவில் விளையாடிய குழந்தைகள் களவாடப்பட்டு, விலைக்கு விற்கப்பட்டு, பொய்ப் பத்திரங்களோடு நெதர்லாந்து முதலிய நாடுகளுக்கு அனுப்பப்பட்ட வழக்கு அது. ஏற்றுக்கொண்டோர் கையில் இருந்ததோ 'தாய் மனமுவந்து ஒப்படைத்தாள்' என்னும் தாள். இலங்கையினின்று ஐரோப்பாவிற்குச் சென்ற பிள்ளைகள் பலர் வளர்ந்து திரும்பி வந்து, தம் பத்திரத்திலுள்ள தாய் தம் தாயே அல்லள் என்று கண்டனர். நெதர்லாந்து அரசு 2021 பிப்ரவரியில் அயல்நாட்டு மகவேற்பையே நிறுத்தி வைத்தது. ஆகவே ஆயத்தம் என்பது தொட்டில் வாங்குதலும் அறைக்கு வண்ணம் பூசுதலும் மட்டுமன்று. 'இக்குழந்தை எவ்வாறு இங்கு வந்தது?' என்று கேட்டுத் தெளிதலே அதில் முதன்மையானது. விடை சரியில்லையெனின் கை நீட்டாது இருக்கும் திடமும் வேண்டும்.

நிற்க. மோதி பாக் வீட்டில் நிகழ்ந்த ஆயத்தம் வேறு வகையானது. தாயார் கேட்ட முதற் கேள்வி, "எந்தச் சாதிக் குழந்தையோ?" என்பது. பேத்தியைக் காண ஏங்கிய நல்ல உள்ளம்தான்; ஆயினும் நாவு பழைய வழியில் ஓடிற்று. சாதியால் மிதிக்கப்பட்டவர் வீடுகளிலும் இக்கேள்வி பிறக்கின்றது என்பதை யாம் மறைப்பதற்கில்லை. அண்ணனோ வேறு யோசனை சொன்னார்: "ஊருக்கும் உறவுக்கும் தெரிவிக்க வேண்டாம், கனடாவிலேயே பிறந்தது என்று சொல்லிவிடுவோம், குழந்தைக்கும் சொல்ல வேண்டாம். தெரிந்தால் அதன் மனம் புண்படும்."

இவ்விடத்தில் மணிமேகலைக் காவியத்து ஆபுத்திரனை நினைமின்கள். வாரணாசியில் வேதம் ஓதுவிப்போன் மனைவி சாலி, நெறி தவறிய அச்சத்தால் குமரியாட வந்தவள், பாண்டி நாட்டில் ஓரிரவில் ஈன்ற மகவைத் தோட்டத்தில் இட்டு நீங்கினாள். ஏழு நாள் ஓர் ஆ பால் சுரந்து காத்தது. அவ்வழி வந்த வயனங்கோட்டு இளம்பூதி என்னும் பார்ப்பான், மனைவியொடு மகிழ்ந்து, தன் மகனே என்று எடுத்துச் சென்று கல்வி கற்பித்து வளர்த்தான். கதை இவ்வளவில் நின்றிருந்தால் அவனன்றோ உத்தமத் தந்தை! ஆனால், வேள்விக்குக் கட்டிய பசுவை ஆபுத்திரன் அவிழ்த்துவிட, ஊரார் பகைத்தனர். ஒருவன் சாலியின் கதையைச் சபையில் உரைத்தான். அதனைக் கேட்ட இளம்பூதி மகனைத் தன் மனையினின்று நீக்கினான்.

பிள்ளையின் பிறப்பு அறியாதவரை அன்பு இருந்தது, அறிந்தவுடன் போயிற்று. அப்பிள்ளையிடம் என்ன மாறியது? நேற்றிருந்த கண்ணும் கையும் கல்வியும் அவ்வாறே இருந்தன. மாறியது இளம்பூதியின் செவியில் விழுந்த ஒரு செய்தி மட்டுமே. ஆகவே, 'தெரிந்தால் பிள்ளை புண்படும்' என்பார்க்கு யான் சொல்வது இது: உண்மை தெரிவதால் மட்டும் பிள்ளை புண்படுவதில்லை. அந்த உண்மையைப் பெற்றோர் இழிவென்று கருதி ஒளித்தனர் என அறியும்போதே அது புண்படுகின்றது. பகைவன் வாயால், சபை நடுவே, வசையாக ஒருவன் தன் பிறப்பைக் கேட்டறிவதற்கும், மடியில் இருத்திக்கொண்டு தாய் சொல்லக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதோ?

யான் நூற்பாலையில் வேலை செய்தவன். இழை அறுந்தால் இரு முனையையும் கூட்டி முடிவோம். முடிந்த இடம் கண்ணுக்குத் தெரியாதிருத்தலே அங்குத் திறமை. நூலுக்கு அது சரி. நூல் ஒருநாளும் தன் முடிச்சைத் தேடிப் புறப்படுவதில்லை.

விநயபிடகத்திலே சீவக வைத்தியரின் வரலாறு உண்டு. இராசகிருகத்துக் கணிகை ஒருத்தியின் மகவாய்ப் பிறந்து, கூடையில் இடப்பட்டுக் குப்பைமேட்டில் எறியப்பட்டவர். காகங்கள் சூழ்ந்திருக்கக் கண்ட அபய இளவரசன், உயிர் இருக்கிறது என்று கேட்டு எடுப்பித்து வளர்த்தான்; 'உயிரோடிருப்பவன்' என்பதே சீவகன் என்னும் பெயர். எறியப்பட்டதும் எடுக்கப்பட்டதும் பெயரிலேயே வெளிப்படையாய் உள்ளன. வளர்ந்தபின் அவர், என் தாய் யார், தந்தை யார் என்று கேட்டார். இளவரசன் பொய் புனையவில்லை; சினக்கவுமில்லை. உன் தாயை யான் அறியேன், ஆயினும் உன்னை வளர்ப்பித்தமையால் யானே உன் தந்தை என்னும் பொருள்பட விடை பகர்ந்தான். அறியாததை அறியேன் என்றும், உள்ளதை உண்டு என்றும் சொன்ன அவ்விரு கூற்றுக்கு மேல் எந்தச் சமூகப் பணியாளரும் கற்பிக்க வேண்டியது யாதுமில்லை. இளம்பூதி வேதம் கற்பித்தான். அபயனோ உண்மை சொன்னான்.

இன்றைய விதிகளும் இவ்வழியே செல்கின்றன. குழந்தையை ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாற இரண்டு மாதம் அவகாசம் உண்டு. வளர்ந்த பிள்ளை தன் வேரைத் தேட விரும்பினால் விண்ணப்பிக்கலாம். ஒப்படைத்த தாயின் இசைவின்றி அவள் அடையாளம் வெளிவராது. ஆயினும் எச்சூழ்நிலையில் ஒப்படைத்தாள் என்பதைத் தெரிவிக்கலாம். இருவர் மானமும் காக்கப்படுகின்றது. அத்தாயைக் கல்நெஞ்சினள் என்பார் உளர். சேலத்தில் 1992-இல் அரசு தொட்டில் வைத்தது எதற்காக? பெண்சிசுவைக் கொல்லாமல் அதிலே இட்டுச் செல்க என்பதற்காக. இட்டுச் சென்றவள், கொல் என்றவர்க்கு இணங்காதவள் என்றும் கொள்ளலாமன்றோ?

இன்னொன்று. கனடாவில் நண்பர்கள் அத்தம்பதியரைப் 'பெரும் புண்ணியம் செய்கின்றீர்கள்' என்று வாழ்த்தினராம். இச்சொல்லுக்கு யான் அஞ்சுகின்றேன். பசித்தவனுக்கு அன்னமிட்டால் அவன் உண்டு எழுந்து போய்விடலாம். தத்துப் பிள்ளை போவது எங்கே? காலையும் மாலையும் அதே திண்ணையில், அதே தருமவான் முகத்தில் விழிக்க வேண்டும். அடம் பிடித்தால் 'உன்னை எடுத்து வளர்த்தோமே' என்னும் சொல் வரும். பெற்ற பிள்ளையிடம் பாலுக்குக் கணக்குக் கேட்பார் இல்லை. தாய் மறைந்த சித்தார்த்தக் குழந்தைக்குப் பாலூட்டியவர் சிற்றன்னை மகாபிரசாபதி கோதமியார். பெண்டிர்க்குத் துறவு வேண்டி அவர் வாயிலில் நின்றபோது, அப்பால் கொடுத்த நன்றியை எடுத்துரைத்தவர் ஆனந்தரே. கோதமியார் அங்கு அதனைக் கோரிக்கையாக வைக்கவில்லை. இதனை மகளிடம் சொன்னபோது, "ஐயா, எங்களுக்குத்தான் குழந்தை வேண்டும் என்று தோன்றியது, அவள் எங்களைக் கேட்கவில்லையே" என்றார். இல்ல ஆய்வு அவருக்குக் கற்பித்தது அதுவே போலும்.

ஏறத்தாழ மூன்றாண்டு சென்றபின் மராட்டிய மாநிலத்து இல்லமொன்றிலுள்ள ஆறு வயதுச் சிறுமியின் படமும் மருத்துவ அறிக்கையும் வந்தன. ஐந்து வயது கடந்தமையால் அவள் இசைவும் கேட்கப்பட்டது. மாவட்ட ஆட்சியரின் ஆணைக்கும் கடவுச்சீட்டுக்கும் காத்திருந்த நாட்களில் யான் மோதி பாக் சென்றிருந்தேன். புறப்படுமுன் அக்குழந்தை சில நாள் அவ்வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. தாயார் அடுத்த தொகுதியிலுள்ள மராட்டியப் பெண்மணியிடம் நாள்தோறும் சென்று, சிறு நோட்டொன்றில் தமிழ் எழுத்தில் அம்மொழிச் சொற்களைக் குறித்து வந்தார். நீருக்குப் பாணி, பசிக்குப் பூக், அச்சத்திற்குப் பீதி. "இது நம் சொல்லுந்தானே, ஐயா!" என்று பீதியைக் காட்டி வியந்தார். சாதியைப் பற்றி அவர் பின்னர் ஒருமுறையும் கேட்டிலர். அன்றிரவு கனடாவிற்குத் தொலைபேசியில் அச்சொற்களை ஒவ்வொன்றாக ஒப்பித்து, மகளைத் திரும்பச் சொல்லச் செய்தார். மகள் பூக் என்பதைத் தவறாக உச்சரித்தார். தாயார் மூன்றுமுறை திருத்தினார்.