இணக்கமும் பணிவும்

கீழ்ப்படி! வகுப்பறையிலே நாள்தோறும் நான் கூறும் சொல் இது. கூறும்போதே உள்ளம் உறுத்துகிறது. படியச் சொன்னோம், சரி. ஏன் படியவேண்டுமென்று எடுத்துரைத்தோமா?

பண்டைக் கிரேக்க மொழியில் ‘பெய்தோ’ என்றொரு வினைச்சொல் உண்டு. சொல்லால் ஒருவரை இசையச் செய்கிறேன் என்பது அதன் பொருள். அவ்வினையே ‘பெய்தோமை’ என வடிவம் மாறினால் இசைகிறேன், நம்புகிறேன், கீழ்ப்படிகிறேன் என்று பொருள் விரியும். இணக்கு, இணங்கு என்று நாம் பிறவினையும் தன்வினையும் வகுக்கிறோமல்லவா, அதுபோல! நம்பிக்கையைக் குறிக்கும் ‘பிஸ்டிஸ்’ என்ற சொல்லும் இவ்வேரில் முளைத்ததே. பணிதலுக்குக் கிரேக்கரிடம் வேறு சொற்களும் இருந்தன. எனினும், இசைவித்தலும் கீழ்ப்படிதலும் ஒரே வினையின் இரு முகங்களாக நின்ற விந்தையை என்னென்பது!

கி.மு. 399. ஏதென்ஸ் நகரின் வழக்குமன்றத்திலே எழுபது வயதுக் கிழவர் சாக்ரடீஸ். ஆராய்வதை விட்டுவிட்டால் விடுதலை என்றாலும், உங்களைவிடத் தெய்வத்துக்கே கீழ்ப்படிவேன் என்று அவர் உரைத்ததாகப் பிளேட்டோ எழுதுகிறார். அங்கே வரும் எதிர்கால வடிவம் ‘பெய்சோமை’. துன்புறுவேன் என்பதற்கும் கிரேக்கத்தில் அதே வடிவந்தான்! வேர் வேறு, உருவம் ஒன்று. இலக்கணத்தின் தற்செயல்தான், ஆனால் அக்கிழவர் வாழ்வில் இரண்டும் மெய்யாயின. சிறையிலிருந்து தப்பிவிடுமாறு நண்பர் கிரிட்டோ மன்றாடினார். சாக்ரடீசோ, சட்டங்களே எதிரில் வந்து வாதாடுவதாகக் கற்பனை செய்கிறார். எங்கள் பிழையை எடுத்துக்காட்டி எங்களை இணங்கச் செய், இல்லையேல் நீ இணங்கு என்கின்றன அவை. குடிமகனுக்கு வாயைத் திறக்க வழிவிட்டுப் பின்னர்ப் பணிவைக் கேட்கும் சட்டம்! அவ்வழி உண்மையில் திறந்திருந்ததா என்பதில் எனக்கு ஐயமுண்டு. ஒரே நாளில் முடிந்த வழக்கு அது.

சொல் உயர்ந்தது, சொன்னவர்கள்? அடிமையை எவரும் இணங்க வைத்ததில்லை, சவுக்கு போதுமானதாயிருந்தது. சாக்ரடீசின் வழக்குக்குப் பதினேழு ஆண்டுகட்கு முன், கி.மு. 416இல், அதே ஏதென்சின் படை மீலோஸ் தீவை அணுகியது. நடுநிலையில் இருக்கவிடுங்கள் என்றனர் தீவினர். நீதி பேசுவது சமவலிமை உடையவரிடையேதான் என்று ஏதென்சின் தூதர் விடையிறுத்ததாகத் தூசிடிடீஸ் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். மீலோஸ் பணியவில்லை, முற்றுகை எழுந்தது. இறுதியில் சரணடைந்தது. பிடிபட்ட ஆடவர் கொல்லப்பட்டனர். பெண்டிரும் பிள்ளைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர். காலியான தீவுக்கு ஏதென்ஸ் 500 குடியேறிகளை அனுப்பிவைத்தது.