துணி மூட்டை சுமந்த கலீபா



அரசியலில் வெற்றி பெறும் தலைவருக்கு என்ன குணங்கள் வேண்டும் என்று கேட்டால், கம்பீரமான தோற்றம், மேடை அதிரப் பேசும் நாவன்மை, எதிரியை மடக்கும் சாமர்த்தியம் என்று நாம் அடுக்கிக்கொண்டே போவோம். இந்தத் தராசில் நிறுத்தால் முதல் கலீபா ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் தேறியிருக்கமாட்டார்கள். மெலிந்த தேகம். குர்ஆன் ஓதினால் கண்ணீரை அடக்கமாட்டாத இளகிய மனம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமக்குப் பதிலாக இவர்களைத் தொழுவிக்கச் சொன்னபோது, அருமை மகளார் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களே இதைச் சொல்லித் தயங்கினார்கள்.

கி.பி. 632ல் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்ததும் பொறுப்பு இவர்கள் தலையில் விழுந்தது. பைஅத் முடிந்தபின் மக்கள்முன் நின்று, தாம் அவர்களில் சிறந்தவர் அல்லர் என்றும், நேராக நடந்தால் துணை நிற்குமாறும், தவறினால் திருத்துமாறும் கேட்டுக்கொண்டார்கள். இக்காலத்திலும் மேடையில் இப்படிச் சொல்வதுண்டு. நம்பித் திருத்தப் போனவர் கதியை நாம் அறிவோம்!

அப்போது அரபுக் கோத்திரங்கள் சில ஜகாத் தர மறுத்தன. கலிமாச் சொன்னவர்களோடு போர் செய்யலாகுமா என்று உமர் (ரலி) அவர்களே கேட்டார்கள். இளகிய மனத்தவரோ அசையவில்லை. நாயகம் (ஸல்) அவர்களிடம் கொடுத்துவந்ததில் ஓர் ஒட்டகக் கயிறு குறைந்தாலும் விடமாட்டோம் என்றார்கள். அது ஏழையின் பங்கு; விட்டுக்கொடுக்கக் கலீபாவின் சொந்தச் சொத்தா?

அத்தனை கண்டிப்பானவர்கள் தம் வீட்டுக்கு என்ன எடுத்துக்கொண்டார்கள்? பதவியேற்ற பின்னும் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். துணி வியாபாரம்தானே பிழைப்பு! வழியில் உமர் (ரலி), அபூ உபைதா (ரலி) இருவரும் தடுத்து, முஸ்லிம்களின் காரியத்தை யார் பார்ப்பது என்று கேட்க, குடும்பத்துக்கு எப்படிச் சோறு போடுவது என்று திருப்பிக் கேட்டார்கள். அதன் பிறகே பைத்துல்மாலிலிருந்து சாப்பாட்டுக்கும் உடைக்கும் ஒரு படி நிர்ணயமாயிற்று. பதவி வந்ததும் ஒரு கடை இரண்டாகிற அதிசயத்தைக் கண்டு பழகிய வியாபாரிகளாகிய நமக்கு இது கதைபோல் தோன்றும்.

அண்டை வீட்டாருக்கு ஆடு கறந்து கொடுப்பது அவர்கள் வழக்கம். இனிக் கறக்கமாட்டாரே என்று ஒரு சிறுமி கவலைப்பட்டாள். கலீபாவான பின்னும் கறந்தார்கள்.

ஆண்டதோ இரண்டு வருஷமும் சில மாதங்களும். அதற்குள் சிதற இருந்த அரபு நாடு ஒன்றுபட்டது. குர்ஆன் ஒரே தொகுப்பாயிற்று. ஓட்டுப் போடும்போதும் ஜமாஅத்துக்கு நிர்வாகிகளைப் பொறுக்கும்போதும், இவர் கல்லாக் கணக்கு எப்படி, அண்டை வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று நாம் கேட்டதுண்டா? நல்ல குரலுக்குக் கைதட்டியவர்கள் நாமும்தாமே!

634ல் மரணப் படுக்கையிலிருந்து, பதவிக் காலத்தில் தம் வீட்டில் கூடுதலாகச் சேர்ந்ததை அடுத்த கலீபாவிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். தண்ணீர் சுமக்கும் ஓர் ஒட்டகம், பணி செய்த ஓர் அடிமை, ஒரு பழந்துணி. அவற்றைப் பார்த்த உமர் (ரலி) அவர்கள், பின்னால் வருகிறவர்களை இப்படிச் சிரமத்தில் ஆழ்த்திவிட்டாரே என்று சொல்லி அழுதார்கள்.