விழுந்தது சுவிட்ச்தான், நீயல்ல!

பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது. உன் வீடு மட்டும் இருட்டு. எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடுகிறாய், அவர் எடுக்கவில்லை. விடிய விடியப் புழுக்கம், கொசுக்கடி. எதற்கு இந்தக் கையாலாகாத்தனம்? இரண்டு கண், இரண்டு கை, யோசிக்க ஒரு மூளை. வேறென்ன வேண்டும் உனக்கு? டார்ச்சை எடு. எழுந்து வா!

முதலில் மூக்குக்கு வேலை கொடு. தீய்ந்த வாடை வருகிறதா? மின் பெட்டி சுடுகிறதா, கருகியிருக்கிறதா? தொடாதே, தொழில் தெரிந்தவரைக் கூப்பிடு. எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவருக்கே துணிச்சல் அழகு.

அப்படி எதுவும் இல்லையா? ஈரக் கையைத் துடை. செருப்பைப் போடு. எந்த எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் சுவிட்ச்) இறங்கியிருக்கிறது என்று பார். அந்த லைனில் உள்ள சுவிட்சுகளையெல்லாம் அணை, பிளக்குகளைக் கழற்று. லிவரை முழுக்கக் கீழே இறக்கி, பிறகு மேலே தூக்கு.

உடனே விழுகிறதா? கோளாறு ஒயரிங்கில் இருக்கலாம். அதோடு கையை எடு. மறுபடி மறுபடி தூக்கிவிடாதே. நிற்கிறதா? பாதி வெற்றி உன்னுடையது! ஒவ்வொரு கருவியாகப் போடு. எதைப் போட்டதும் விழுகிறதோ, அதுவே குற்றவாளி.

சற்று நேரம் ஓடிய பிறகு விழுந்தால், பெரும்பாலும் பாரம் அதிகம். கணக்குப் போடு! கீசர் 2000 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2000, கெட்டில் 1500. மொத்தம் 5500. 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 24 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. எத்தனை நேரம் தாங்கும்? உள்ளிருக்கும் ஈருலோகப் பட்டை சூடேறி வளைந்து இணைப்பை அறுக்கிறது. சுவருக்குள் ஓடும் ஒயர் பிழைக்கிறது. ‘பெரிய எம்.சி.பி. போட்டுவிடலாம்’ என்பவரிடம் முடியாது என்று சொல். காவல்காரனின் கண்ணைக் கட்டிவிட்டு யார் தூங்குவார்? பாரத்தைக் குறை!

விழுந்தது ஆர்.சி.சி.பி. என்ற கசிவுக் காவல் சுவிட்சா? மின்சாரம் எங்கோ கசிகிறது. வீடுகளில் வழக்கமாகப் பொருத்துவது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்து உயிர் காப்பது. கீசர், மோட்டார் என்று தண்ணீரோடு புழங்குபவற்றை முதலில் சந்தேகி.

நண்பா, மலைத்து நிற்பவருக்குத்தான் சிக்கல் மொத்தமாகத் தெரியும். ஒன்றை விலக்கி, ஒன்றைச் சேர்த்து, கூர்ந்து பார்ப்பவருக்கு அது பிடி கொடுத்தே தீரும். அடுத்த இருட்டு வரும்வரை காத்திராதே. இன்று பகலிலேயே பெட்டியைத் திற. எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டு. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்து. விழாவிட்டால் மாற்றச் சொல். உன் வீட்டை உன்னைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இருக்கக் கூடாது. புறப்படு!