படுக்கையோடு முடியாத கடமை

செவிலியர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்ற கேள்விக்கு மருத்துவ அறவியல் நெடுங்காலம் ஒரே பதிலைச் சொல்லிவந்தது: எதிரே படுத்திருக்கும் நோயாளிக்கு. அந்தப் பதிலில் பிழை இல்லை. ஆனால் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளக் கையுறையும் சிரிஞ்சும் ஐ.வி. செட்டும் மயக்க வாயுவும் மின்சாரமும் தண்ணீரும் செலவாகின்றன. அந்தச் செலவின் மிச்சம் இன்னொருவரின் மூச்சையோ இரத்தத்தையோ கெடுக்கும் என்றால், அந்த இன்னொருவரும் செவிலியரின் பொறுப்புக்குள் வருகிறாரா என்பது இன்றைய செவிலியர் அறவியலின் கடினமான கேள்விகளில் ஒன்று.

கேள்வியின் அளவு சிறியதல்ல. உலகின் மொத்தப் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் மருத்துவத் துறையின் பங்கு 4.4 விழுக்காடு என்று 2019இல் வெளியான ஒரு கணக்கீடு சொன்னது. மருத்துவத் துறையை ஒரு நாடாக எண்ணினால், அதிகம் வெளியேற்றும் நாடுகளின் வரிசையில் அது ஐந்தாவதாக நிற்கும். வெப்ப அலையில் மயங்கி விழுந்தவரும், வெள்ளத்துக்குப் பின் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையும் மருத்துவமனைக்குத்தான் வருகிறார்கள். நோயைத் தீர்க்கும் இடமே நோய்க்கான காரணத்திலும் ஒரு பங்கைச் சுமக்கிறது. தீங்கு செய்யாதே என்பதைத் தன் முதல் நெறியாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு தொழில் இதைக் காணாததுபோல் கடந்துவிட முடியாது.

சுற்றுச்சூழல் என்பது செவிலியர் தொழிலுக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட புதுக் கவலை என்று நினைப்பதும் சரியல்ல. கிரிமியப் போரின்போது ஸ்குட்டாரி மருத்துவமனையில் வேலை செய்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், செவிலியம் பற்றி எழுதிய நூலில் மருந்தை விடவும் தூய காற்று, தூய நீர், ஒழுங்கான வடிகால், சுத்தம், வெளிச்சம் ஆகிய ஐந்தைப் பற்றியே விரிவாகப் பேசினார். மருத்துவமனை நோயாளிக்குத் தீங்கு செய்துவிடக் கூடாது என்பதையே முதல் தேவையாக வைத்தார். சூழலைச் சரிசெய்தால் உடல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. அவர் எண்ணிய சூழல் பெரும்பாலும் வார்டின் சுவர்களுக்கு உட்பட்டது. அந்தச் சுவர்களைத் தாண்டி அதை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதே இன்று கேட்கப்படுவது.

நீட்ட முடியாது என்பதற்குத் தத்துவத்தில் வலுவான வாதம் ஒன்று உண்டு. பராமரிப்பு அறவியலை உருவாக்கியவர்களில் ஒருவரான நெல் நோடிங்ஸ், 1984இல் வெளிவந்த தம் நூலில், பராமரிப்பு என்பது இருவர் நேருக்கு நேர் சந்திக்கும் உறவு என்றார். ஒருவர் தேவையை மற்றவர் உணர்ந்து செயல்பட வேண்டும். அந்தச் செயலைப் பெறுபவர் ஏற்று ஏதோ ஒரு வகையில் பதில் தர வேண்டும். முகம் தெரியாத தொலைதூர மனிதரிடம் இந்த வட்டம் நிறைவடைவதில்லை. ஆகவே அங்கே அதே வகையான கடமையும் எழுவதில்லை என்பது அவர் நிலைப்பாடு. பின்னாளில் அவரே இதைச் சற்றுத் தளர்த்தினார். ஆனாலும் இந்த வாதத்தில் செவிலியர்கள் அன்றாடம் உணரும் ஓர் உண்மை இருக்கிறது. வலியில் முனகும் ஒருவர் முன்னால் நிற்கும்போது, முப்பது ஆண்டு கழித்து எங்கோ உயரப்போகும் கடல்மட்டம் மனத்தில் இடம்பிடிப்பதில்லை. இடம்பிடிக்க வேண்டும் என்று கேட்பது மனிதத்தன்மையுள்ள கோரிக்கையும் அல்ல.

இதற்கு மறுபக்கத்தில் பெரனிஸ் ஃபிஷரும் ஜோன் டிரான்டோவும் 1990இல் தந்த வரையறை இருக்கிறது. நாம் வாழும் உலகத்தை இயன்றவரை நன்றாக வாழத்தக்கதாக வைத்திருக்கவும், தொடரச்செய்யவும், பழுதுபார்க்கவும் செய்யும் அனைத்தும் பராமரிப்பு என்றார்கள். அந்த உலகத்தில் நம் உடல்களோடு நம் சூழலையும் சேர்த்தார்கள். இதன்படி குப்பையைச் சரியாகப் பிரிப்பதும் புண்ணைக் கழுவுவதும் ஒரே வகைச் செயல்கள். வரையறை அகலமானது, அழகானது. ஆனால் எல்லாமே பராமரிப்பு என்றாகிவிட்டால் எதற்கு முதலிடம் என்ற கேள்விக்கு அது விடை தருவதில்லை.

இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையிலான தூரம், மருத்துவக் கழிவு போகும் வழியைப் பின்தொடர்ந்து பார்த்தால் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் நான்கு நிறங்களை வகுத்துள்ளன. இரத்தம் தோய்ந்த பஞ்சும் உடல் திசுக்களும் மஞ்சளில். குழாய்கள், கையுறைகள், ஊசி நீக்கிய சிரிஞ்சுகள் சிவப்பில். ஊசியும் பிளேடும் குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில். பயன்படுத்திய ஊசியை அவசரத்தில் மஞ்சள் பையில் போட்டுவிட்டால் அது முதலில் குத்துவது, அரை மணி நேரத்தில் அந்தப் பையைக் கட்டித் தூக்கப்போகும் தூய்மைப் பணியாளரின் கையை. அவர் தொலைதூர மனிதரல்ல. செவிலியருக்கு அவர் பெயர் தெரியும். அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதுகூடத் தெரிந்திருக்கலாம். அவரிடமிருந்து பை லாரிக்காரரிடம் போகிறது, அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையத் தொழிலாளியிடம், எரியுலையின் புகையாக அடுத்த ஊருக்கு. நோடிங்ஸ் கேட்கும் நேர்ச் சந்திப்பு இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கிறது. தொலைவில் இருப்பவருக்குச் செய்யவேண்டியது, அருகில் இருப்பவருக்குச் செய்யவேண்டியதில்தான் தொடங்குகிறது. அருவமான மானுடத்தின் மீது அன்பு செலுத்தும்படி செவிலியரிடம் சொல்வதைவிட இந்தச் சங்கிலியைக் காட்டுவது நேர்மையானது.

சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்பதைத் திருநெல்வேலி 2024 டிசம்பரில் பார்த்தது. திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் கழிவுகள் எல்லை தாண்டி வந்து ஊர்ப்புறங்களில் கொட்டப்பட்டிருந்தன. நோயாளிகளின் விவரங்கள் அடங்கிய தாள்களும் அவற்றில் இருந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரளத்திலிருந்து லாரிகள் வந்து அள்ளிச்சென்றன. அந்தக் கழிவை வார்டில் சரியாகவே பிரித்திருக்கக்கூடிய செவிலியருக்கு இதில் எந்தக் குற்றமும் இல்லை. தனி ஒருவரின் ஒழுங்கு எவ்வளவு தூரம் பயன்தரும், எங்கே நின்றுபோகும் என்பதை அந்நிகழ்வு காட்டுகிறது.

செவிலியர் சூழலையும் கருத வேண்டும் என்பதற்கு எதிராகப் பாதுகாப்பை முன்வைக்கும் வாதம், தொலைவைப் பற்றிய வாதத்தைவிட ஆழமானது. கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடி சிரிஞ்சுகளின் காலத்தை ஏங்கி நினைப்பவர்கள், மறுபயன்பாடு செய்த பழுதை மறந்துவிடுகிறார்கள். சுத்திகரிக்காமல் திரும்பப் பயன்படுத்திய ஊசிகளால் 2000ஆம் ஆண்டில் மட்டும் 2 கோடியே 10 லட்சம் பேருக்கு ஹெப்படைட்டிஸ் பி தொற்றும், 2 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிரிஞ்சு வெறும் பிளாஸ்டிக் குப்பை அல்ல. அது எண்ணற்ற உயிர்களைக் காத்த ஏற்பாடு. சூழலின் பெயரால் அதைக் கைவிடச் சொல்பவர் யாராயினும் அவர் சொல்வதைச் செவிலியர் கேட்கக் கூடாது.

ஆனால் பாதுகாப்பின் பெயரில் நடப்பதெல்லாம் பாதுகாப்பு அல்ல. இரத்தமோ உடல்திரவமோ படும் வாய்ப்பு இருக்கும்போது கையுறை அவசியம். நாடி பார்க்கவும், இரத்த அழுத்தம் எடுக்கவும், மாத்திரை கொடுக்கவும் அது வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. தேவையற்ற கையுறை தீங்கும் செய்கிறது: போட்டவர் கை கழுவ மறக்கிறார், ஒரு படுக்கையின் கிருமியை அடுத்த படுக்கைக்குக் கொண்டுபோகிறார், அவர் தோலும் புண்ணாகிறது. லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் 2018இல் செவிலியர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். கையுறை எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று வார்டு வார்டாகப் பேசினார்கள். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 21 டன் பிளாஸ்டிக் மிச்சமானது. நோயாளிகள் எதையும் இழக்கவில்லை. குழந்தைகளுக்கு வெறுங்கையின் தொடுகை திரும்பக் கிடைத்தது; அதை ஒரு கணக்கிலும் எழுத முடியாது. நோயாளியின் நலனும் சூழலின் நலனும் மோதுவதாகத் தோன்றும் பல இடங்களில் மோதுவது நோயாளியின் நலன் அல்ல, வெறும் பழக்கம்.

எனில் பழக்கம் ஏன் மாறுவதில்லை? செவிலியர்களின் மனப்பான்மையைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் ஒரு முரண் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. சூழல் முக்கியம் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள், வீட்டில் குப்பையைப் பிரிக்கிறார்கள். பணியிடத்தில் அதே அளவு செய்வதில்லை. இதை அக்கறையின்மை என்று தீர்ப்பெழுதுவது அநியாயம். இரவுப் பணியில் முப்பது நோயாளிகளை ஒருவரே பார்க்க வேண்டியிருந்தால், எந்தப் பை எங்கே என்று நிதானிக்க நேரம் ஏது? சிவப்புப் பை தீர்ந்துபோயிருந்தால் சிவப்புக் கழிவு எங்கே போகும்? எந்த ஐ.வி. செட்டை வாங்குவது, எத்தனை பொருள்களை ஒரே பொட்டலத்தில் அடைப்பது என்ற முடிவுகள் கொள்முதல் குழுவில் எடுக்கப்படுகின்றன. அங்கே செவிலியருக்கு நாற்காலி இருப்பது அரிது.

சரியானது எது என்று தெரிந்தும் நிறுவனத்தின் தடைகளால் அதைச் செய்ய முடியாதபோது செவிலியருக்கு ஏற்படும் மன உளைச்சலுக்கு ‘அறத் துயர்’ என்று பொருள்படும் பெயரை 1984இல் தந்தவர் அமெரிக்கத் தத்துவவாதி ஆண்ட்ரூ ஜேம்டன். இருபது ஆண்டு கழித்து, ஜெசிகா பியர்ஸுடன் சேர்ந்து, சூழலுக்குப் பொறுப்பான மருத்துவத்தின் அறவியல் பற்றி நூல் எழுதியவரும் அவரே. இது தற்செயலாகத் தோன்றவில்லை. இரண்டிலும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: அதிகாரம் இல்லாதவரிடம் பொறுப்பை மட்டும் சுமத்தலாமா?

உத்தரவை நிறைவேற்றுபவர்தானே செவிலியர், அவரிடம் ஏன் இதைக் கேட்க வேண்டும் என்பார்கள் சிலர். திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கமிருந்து பார்ப்பவர் என்று நான்காக வகுத்து முடிகிறது. சரக சம்ஹிதையும் இந்நான்கையே தூண்களாகச் சொல்கிறது. நான்கில் ஒரு கூறாக இருப்பவரை வெறும் கருவியாகக் கருதிவிட முடியாது. அதே காரணத்தால் முடிவெடுக்கும் இடத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 2021இல் திருத்தி வெளியிட்ட அறநெறிக் கோவையில் உலக நலம் என்பதைத் தனிப் பகுதியாகச் சேர்த்தது. அமெரிக்காவில் மருத்துவக் கழிவு எரியுலைகளே டயாக்சின் நச்சின் முக்கிய ஊற்று என்று 1990களில் தெரியவந்தபோது தோன்றிய இயக்கத்தின் நிறுவனர்களில் சார்லட் புரோடி என்ற செவிலியரும் ஒருவர். ஆயிரக்கணக்கில் இருந்த அந்த எரியுலைகளில் மிகப் பெரும்பாலானவை பின்னர் மூடப்பட்டன. செவிலியர்கள் தனித்தனியே நல்லவர்களாக இருந்ததால் மட்டும் இது நடக்கவில்லை. சேர்ந்து பேசியதால் நடந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் உண்மையான மோதல்கள் சில எஞ்சுகின்றன. ஆஸ்துமாவுக்கான அழுத்த வாயு இன்ஹேலர்களில் உள்ள உந்துவாயு, கார்பன் டை ஆக்சைடை விட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக்கூடியது. உலர்தூள் இன்ஹேலரில் அந்த வாயு இல்லை. ஆனால் தூளை உள்ளிழுக்க வேகமான மூச்சு வேண்டும். சிறு குழந்தைக்கும் நுரையீரல் தளர்ந்த முதியவருக்கும் அது இயலாது. யாருக்கு மாற்றலாம், யாருக்கு மாற்றக் கூடாது என்பதை எந்தச் சுற்றறிக்கையும் முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லி, மூச்சின் வேகத்தைக் கவனிக்கும் செவிலியருக்குத்தான் அது தெரியும். இயலாதவருக்குப் பழைய இன்ஹேலரே தொடர வேண்டும், எந்தக் குற்ற உணர்வும் அவர் மேல் ஏற்றப்படக் கூடாது. அவருக்கும் அதைச் சரியாகப் பிடித்து அழுத்தக் கற்றுக்கொடுத்தால் மருந்து நுரையீரலுக்குப் போகும், வீணாக அழுத்தித் தீர்க்கும் குப்பிகளின் எண்ணிக்கையும் குறையும்.