முள் தெரியும் தராசு

(மலேசியாவில் கேமரன் மலையின் கியா பார்ம் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவரும், தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லி ஓய்வுபெற்ற அவருடைய ஆசிரியரும் பேசிக்கொண்டது.)

சீடன்: ஐயா, ஒரு சந்தேகம். 'ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்' என்று ஓர் அமெரிக்கத் தொடர். 2013இல் தொடங்கி 2020 வரை ஏழு சீசன் வந்தது. அதிமானுட சக்தி உள்ளவர்களோடு மல்லுக்கட்டும் ஓர் உளவு அமைப்பின் கதை. அதில் கிராண்ட் வார்டு என்று ஒருவன். கூட வேலை செய்யும் பெண்ணைக் காப்பாற்ற விமானத்திலிருந்தே குதித்தவன். முதல் சீசன் முடிவதற்குள் அவன் ஹைட்ரா என்ற எதிரிக் கூட்டத்தின் ஆள் என்று தெரிகிறது. அவனைப்போல் அமைப்பு முழுக்க ஆள்கள். பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. நம்பினவனைத்தானே ஏமாற்ற முடிகிறது? அப்படியென்றால் நம்பியதுதான் தப்பா?

குரு: நல்ல கேள்வி. ஆனால் கற்பனைக் கதையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நம் நாட்டிலேயே நடந்தது இருக்கிறது.

சீடன்: ஜிம் தாம்சனா? தானா ராத்தாவில் மூன்லைட் பங்களாவிலிருந்து 1967 மார்ச் 26ஆம் தேதி நடக்கப் போய்த் திரும்பாதவர். தாய்லாந்துப் பட்டு வியாபாரி, பழைய அமெரிக்க உளவாளி.

குரு: அவர் காணாமல் போனவர். காட்டிக்கொடுத்தவர் யார் என்று அதில் எவரையும் நிறுத்த முடியாது. அதை விடு. நான் சொல்வது லாய் தெக் பற்றி. மலாயா கம்யூனிஸ்டுக் கட்சிக்கு 1939 முதல் பொதுச்செயலாளர். வியட்நாமிலிருந்து வந்தவர். அங்கே பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒற்றராக இருந்தார், சிங்கப்பூருக்கு வந்தபின் பிரிட்டிஷ் போலீசுக்கு. தோழர்களுக்கு இது ஒன்றும் தெரியாது. 1942இல் சிங்கப்பூர் விழுந்ததும் ஜப்பானிய ராணுவப் போலீஸ் அவரைப் பிடித்தது. சில வாரங்களில் வெளியே வந்தார், இந்த முறை ஜப்பானியர்களின் ஆளாக. அந்த ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, பத்துமலைப் பக்கம் கட்சித் தலைவர்களும் கெரில்லாப் படைத் தலைவர்களும் கூடியிருந்தார்கள். விடியும் வேளையில் ஜப்பானியர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பலர் அங்கேயே செத்து விழுந்தார்கள். கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டிய பொதுச்செயலாளர் வரவில்லை. தைப்பூசத்துக்கு நாம் காவடி தூக்கிப்போகும் அதே பத்துமலை, தம்பி. எத்தனை முறை அந்தப் படி ஏறியிருப்போம், யார் நமக்கு இதைச் சொன்னார்கள்?

அடுத்த ஆண்டு முடியும்போது அதே மனிதர் பீடோர் மலைமேல் இருந்த கெரில்லா முகாமுக்கு வந்தார். நம் தாப்பா ரோட்டில் இறங்கினால் பீடோர் எவ்வளவு தூரம்? பிரிட்டிஷ் ரகசியப் படையான ஃபோர்ஸ் 136இன் அதிகாரிகளோடு உட்கார்ந்து, ஜப்பானியரை எதிர்த்துச் சேர்ந்து போராடுவதாக ஒப்பந்தம் செய்தார். இரண்டு தரப்பும் அவரை நம்பின.

சீடன்: வார்டு கதையும் இதேதானே! ஆனால் ஐயா, நாலாவது சீசனில் ஒரு மாய உலகம் வருகிறது. அங்கே வார்டு நல்லவன், ஏனென்றால் இளம் வயதில் அவனை எடுத்து ஆளாக்கியது வேறு ஆள். ஆகவே சூழ்நிலைதான்...

குரு: அது வளர்ப்பைப் பற்றிய கேள்வி. நாம் பேசுவது பதவியைப் பற்றி. உன் அம்மா தேயிலைக் கொழுந்து நிறுத்த இடத்தில் நீ சின்னப் பையனாக நின்றிருக்கிறாய். சாக்கைக் கொக்கியில் மாட்டுவார்கள். கணக்கு எழுதும் கிராணி தராசின் முள்ளைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். சாக்குக்கு ஒரு கழிவு, நனைந்த கொழுந்துக்கு ஒரு கழிவு. அந்த முள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதுதான் விஷயம். லாய் தெக்கின் முள் அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தது. யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள், எந்தக் கூட்டம் எங்கே, பணம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் அறிந்தவர் அவர் ஒருவரே. ரகசியக் கட்சி அல்லவா, கேட்பதே குற்றம். உன் தொடரிலும் அப்படித்தானே? உன் படிநிலைக்கு மேலே உள்ளது உனக்குத் தெரியக் கூடாது. அமைப்பைக் காக்க வைத்த அந்த விதி ஹைட்ராவைத்தான் காத்தது.

சீடன்: இங்கேதான் இடிக்கிறது. சோதித்துப் பார்த்தால் அது நம்பிக்கையா, ஐயா? கணவன் மனைவியின் கைப்பேசியைத் துழாவுவதுபோல் ஆகிவிடாதா?

குரு: இந்தக் கேள்வி என்னையும் பல காலம் தூங்கவிடவில்லை. நிதானமாகக் கேள். துழாவுவது என்றால் உனக்குத் தெரியாமல் நான் பார்ப்பது. தராசு என்றால் இருவரும் ஒரே முள்ளைச் சேர்ந்து பார்ப்பது. முன்னதில் நான் உனக்கு ஒற்றன், பின்னதில் இருவரும் சமம். நேர்மையான கிராணி தராசின் முகப்பைத் தானே பெண்கள் பக்கம் திருப்பி வைப்பார். அதனால் அவருக்கு ஓர் இழுக்கும் இல்லை. நாளைக்கு எவளாவது 'எனக்குக் குறைத்து எழுதிவிட்டார்' என்றால், பார்த்திருந்த பத்துப் பேர் அவருக்காகப் பேசுவார்கள்.

திருப்பி வைக்காதவரை எடுத்துக்கொள். முதல் நாள் மழை, கொழுந்தில் நிஜமாகவே ஈரம், ஒரு கிலோ கழிக்கிறார். நியாயம்தான். அடுத்த நாள் வெயில், பழக்கத்தில் அதே ஒரு கிலோ போகிறது. யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் அந்தக் கிலோ அவருக்கு உரிமையாகிவிடும். யாராவது கேட்டால் 'என்னையே சந்தேகப்படுகிறாயா?' என்று நிஜமாகவே மனம் புண்படும் அவருக்கு. அதிகாரம் மனிதனைக் கெடுப்பது இப்படித்தான். கெட்டவனைத் தேடிப்பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தால்தான் கெடும் என்பதில்லை, தம்பி. பார்வை படாத இடத்தில் நல்லவனை உட்கார வைத்தாலே போதும்.

நம் தாத்தாக்களைக் கூட்டிவந்த கங்காணி யார்? அந்நியனா? சொந்த ஊர்க்காரன், பல நேரம் சொந்தச் சாதிசனம், மாமன் மச்சான். அதை நம்பித்தான் கப்பல் ஏறினார்கள். வழிச்செலவுக்குத் தந்த முன்பணம் எவ்வளவு, தீர்ந்தது எவ்வளவு என்ற கணக்கு அவன் வாயில்தான் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவன் எதைப் பார்த்துக் கேட்பான்? காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் நின்ற ஒவ்வொரு தலைக்கும் தோட்டம் அவனுக்குத் தலைக்காசு தந்தது. ஆள் காய்ச்சலில் படுத்தால் கங்காணிக்கு நட்டம். மாமன் எப்போது முதலாளியின் ஆளானான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. 1938இல் இந்திய அரசு அந்த ஆள் சேர்ப்பைத் தடை செய்தது. கங்காணிகள் மனம் திருந்தி அது நிற்கவில்லை.

எனவே நம் முன்னோர் நம்பியது பிழை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நம்பாமல் ஒரு கப்பல் ஏற முடியுமா, ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடியுமா? நீ அவசரத்தில் இருக்கும்போது கிராணி கைமாற்றுத் தருவாரா என்பதை எந்தத் தராசும் காட்டாது. அதற்கு அவரை நம்பித்தான் ஆக வேண்டும். எடையை மட்டும் முள் சொல்லட்டும். குற்றம் நம்பிய பெண்ணிடம் இல்லை. முகப்பைத் திருப்பி வைக்காதவரிடம் இருக்கிறது. திருப்பச் சொல்லிக் கேட்டவளை வாயாடி என்று அடக்கிய, வேலையை மேற்பார்த்த தண்டலிடமும் இருக்கிறது.

சீடன்: லாய் தெக்கை யாருமே சந்தேகப்படவில்லையா?

குரு: போர் முடிந்த 1945லேயே வெளிப்படையாகக் குற்றச்சாட்டு வந்தது. சொன்னவர்மீதும் கறை இருந்தது என்று கட்சி அதைத் தள்ளிவிட்டது. சொன்னவன் யோக்கியனா என்று பார்த்தார்கள், முள்ளைப் பார்க்கவில்லை. 1947 மார்ச் மாதம் விசாரிக்கக் கூடிய கூட்டத்துக்கு அவர் வரவில்லை. கட்சிப் பணத்தோடு ஓடிவிட்டார். அந்த ஆண்டே பாங்காக்கில் கொல்லப்பட்டார். அவர் இடத்துக்கு வந்த சின் பெங்குக்கு அப்போது 22 வயது.

சீடன்: அத்தோடு எல்லாருக்கும் உண்மை தெரிந்துவிட்டதா?

குரு: இல்லை. கட்சியின் அறிக்கை எழுத்தில் வந்தது 1948 மே மாதம். அடுத்த மாதமே அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் காட்டுக்குள் போனார்கள். ஓராண்டுக்கு மேல் தொண்டர்களிடம் அந்த உண்மையை மறைத்தது லாய் தெக் அல்ல. அந்தக் குற்றம் புதிய தலைமையுடையது.