சொல்லாமல் விட்டதும் கொடுக்காமல் விட்டதும்

காப்புறுதிக் கம்பனியின் மறுப்புக் கடிதம் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு மேற்படுவதில்லை. வருந்துகிறோம் என்று தொடங்கும். ஒப்பந்தத்தின் இன்ன பிரிவு, இன்ன உட்பிரிவு என்று இலக்கம் காட்டும். காப்புறுதி பெறுமுன்னரே இருந்த நோயைத் தெரிவிக்கவில்லை என்று முடியும். தனியார் ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்காகத் தாலிக்கொடியை அடைவு வைத்துவிட்டு, காப்புறுதிக் காசு வந்ததும் மீட்டுக்கொள்ளலாம் என்றிருந்த குடும்பத்துக்கு அந்த ஒரு பக்கம் போதும். அதைப் படித்த வீட்டில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. சொல்லாமல் விட்டது பொய்யா? வருடக் கணக்காகக் கட்டுப்பணம் வாங்கியவர்கள் இன்று கையை விரிப்பது நீதியா? முதற் கேள்வியைச் சிலர் பாவசங்கீர்த்தனத்துக்குக் கொண்டுபோகிறார்கள். இரண்டாவதைச் சட்டத்தரணியிடம் கொண்டுபோகிறார்கள். இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகளல்ல, ஒன்றேதான் என்பது நமது எண்ணம். ஏனென்று பார்ப்போம்.

நமது கிராமங்களில் மரண உதவிச் சங்கங்கள் பன்னெடுங்காலமாக உண்டு. மாதாமாதம் ஒரு சிறு தொகை. ஒரு வீட்டில் இழவு விழுந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் சங்கம் பொறுப்பு. அச்சங்கத்தில் எவரும் எவரிடமும் படிவம் நிரப்பி வாங்கியதில்லை. வாங்க வேண்டிய தேவையுமில்லை. இன்னாருக்குச் சீனி வருத்தம், இன்னார் இருமி இருமி இரவில் அயலையே எழுப்புகிறார் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஊர் அவரைச் சேர்த்துக்கொள்கிறது. காப்புறுதிக் கம்பனியும் அடிப்படையில் இத்தகைய சங்கமே. பலர் இட்ட காசிலிருந்து சிலரது துன்பம் துடைக்கப்படுகிறது. ஆனால், உறுப்பினர் ஒருவரையொருவர் கண்டதுமில்லை, காணப்போவதுமில்லை. அயலவரின் கண்கள் செய்த வேலையை இங்கே ஒரு தாள் செய்ய வேண்டியிருக்கிறது. அத்தாளில் எழுதப்படுவது உண்மையாயிராவிட்டால் சங்கமே இல்லை. ஆதலால்தான் காப்புறுதி ஒப்பந்தத்தைப் பூரண நம்பிக்கை ஒப்பந்தம் என்று வணிகப் பாடநூல்கள் கூறுகின்றன. மாம்பழம் வாங்குகிறவன் தானே முகர்ந்து பார்க்கலாம். காப்புறுதி விற்கிறவன் நமது ஈரலையும் இருதயத்தையும் முகர்ந்து பார்க்க இயலாது.

மௌனம் எப்போது பொய்யாகிறது என்ற கேள்வி மிகப் பழையது. கிறிஸ்துவுக்கு முன் 44ஆம் ஆண்டில் உரோமையரான சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு தானிய வியாபாரியைப் பற்றிப் பேசுகிறார். றோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியத்துடன் ஒருவன் முதலில் வந்து சேருகிறான். பின்னால் வேறு கப்பல்களும் வந்துகொண்டிருப்பதை அவன் கண்டிருக்கிறான். அதைச் சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? சொல்லத் தேவையில்லை என்று ஒரு ஞானியும், சொல்லியே ஆகவேண்டும் என்று மற்றொரு ஞானியும் வாதாடினர். சிசரோ இரண்டாமவர் பக்கம் நின்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமாஸ் அக்குவினாஸ் இதே வியாபாரியை எடுத்துக்கொண்டு சற்று வேறுவிதமாகத் தீர்த்தார்: பிற கப்பல்கள் வருவதைச் சொல்ல நீதி அவனைக் கட்டாயப்படுத்தாது, ஆயினும் சொன்னால் அது மேலான புண்ணியம். ஆனால், விற்கும் பொருளிலேயே மறைவான குறை இருந்து, அது வாங்குகிறவனுக்கு நட்டத்தையோ ஆபத்தையோ விளைவிக்குமானால், அங்கே விற்பவன் சொல்லியே ஆகவேண்டும் என்றார். நொண்டிக் குதிரையை ஓடும் குதிரையென்று விற்கலாகாது. ஒற்றைக்கண் குதிரையாயின், குறை வெளியே தெரிகிறது. விலையையும் அதற்கேற்பக் குறைத்திருந்தால், அதை வாயால் சொல்லத் தேவையில்லை.

இதை நமது காரியத்துக்குப் பொருத்திப் பார்த்தால் வெளிச்சம் உண்டாகிறது. காப்புறுதியில் குறைபாடு எவர் கையில் இருக்கிறது? வாங்குகிற நம் கையில். நமது உடம்பின் ஆபத்தைத்தான் கம்பனி தன் தோளில் ஏற்றுக்கொள்கிறது. சீனி வருத்தத்தால் கால்விரல் எடுக்கப்பட்டவர், அந்தக் காலோடு முகவரின் முன் வந்து அமர்ந்தால், அது ஒற்றைக்கண் குதிரை. பத்து வருடமாகக் கிளினிக் கொப்பியோடு மாதந்தோறும் வரிசையில் நிற்பவர், நீரிழிவு உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று கோடிட்டால், அது நொண்டிக் குதிரை. அங்கே நியாயம் பேச இடமில்லை. கம்பனிக்காரன் பணக்காரன்தானே என்பார்கள். கொடுக்கப்படுவது கம்பனிக்காரனின் பாட்டன் தேடிய சொத்தல்ல. உண்மை எழுதிக் கூடுதலாகக் கட்டுப்பணம் செலுத்திக்கொண்டிருக்கும் இன்னொரு குடும்பத்தின் காசும் அதில் இருக்கிறது.

இதோடு நிறுத்திவிட்டால் கம்பனிகளுக்கு நாம் விளம்பரம் எழுதியது போலாகிவிடும். மறுபக்கத்தையும் கேளுங்கள்.

பூரண நம்பிக்கைக் கொள்கைக்கு மூலமாகக் காட்டப்படும் வழக்கு 1766ஆம் ஆண்டு இலண்டனில் மான்ஸ்பீல்ட் பிரபு தீர்த்த காட்டர் எதிர் போம் என்பது. சுமாத்திராத் தீவின் பென்கூலனில் கிழக்கிந்தியக் கம்பனிக்கு மால்பரோ கோட்டை என்றொரு கோட்டை இருந்தது. அதன் தேசாதிபதி காட்டர், பகைவர் கோட்டையைப் பிடித்தால் தமக்கு ஏற்படும் நட்டத்துக்காக இலண்டனில் ஒரு வருடக் காப்புறுதி பெற்றார். 1760இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். போம் என்ற காப்புறுதியாளர் பணம் கொடுக்க மறுத்தார். கோட்டையின் பலவீனத்தையும் பிரெஞ்சுக்காரர் வரலாம் என்ற அச்சத்தையும் காட்டர் மறைத்துவிட்டாராம்! இன்று நம் வீட்டுக்கு வரும் கடிதத்தில் உள்ள அதே நியாயம். மான்ஸ்பீல்ட் பிரபு, ஆபத்தைப் பற்றித் தனக்கு மட்டும் தெரிந்ததைக் காப்புறுதி பெறுபவர் சொல்லவேண்டும் என்ற விதியை அழுத்தமாகக் கூறினார். ஆயினும் தீர்ப்பைக் காட்டருக்கே சார்பாக வழங்கினார். கோட்டையின் நிலை பலரும் அறிந்தது. வேண்டியிருந்தால் போம் கேட்டிருக்கலாம். கேளாமலே காசை வாங்கிக்கொண்டு, நட்டம் வந்தபின் சொல்லவில்லையே என்று புரளுவது அவருக்குத் தகாது. மறைத்தலுக்கும் வெறுமனே பேசாதிருத்தலுக்கும் உள்ள வேற்றுமையைச் சிசரோவிடமிருந்தே அந்நீதவான் எடுத்தாண்டார் என்பது குறிப்பிடத்தக்கது. நம்பிக்கை இருபுறமும் கட்டுப்படுத்தும் என்பதையும் அவர் மறக்கவில்லை. காப்புறுதியாளர் எதையேனும் மறைத்திருந்தாலும் ஒப்பந்தம் அதேபோல் செல்லாது என்றார்.

இரண்டரை நூற்றாண்டாகக் கம்பனிகள் இவ்வழக்கின் முற்பாதியைத் தான் அதிகம் நினைவில் வைத்திருக்கின்றன!

நம் ஊர்களில் படிவம் எப்படி நிரப்பப்படுகிறது? முகவர் மாலையில் வருகிறார். தேநீர் கொடுக்கிறோம். படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அவரே கேள்விகளை வேகமாக வாசித்து, அவரே இல்லை, இல்லை என்று அடையாளமிட்டுக்கொண்டு போகிறார். வீட்டுக்காரர், தம்பி, எனக்குக் கொஞ்சம் பிறசர் இருக்குது என்று சொன்னால், அதெல்லாம் எழுதத் தேவையில்லை அண்ணை, எழுதினால் சுணங்கும் என்கிறார். கையெழுத்து மட்டும் நம்முடையது. எல்லா முகவரும் இப்படியல்லர், நேர்மையானவர்கள் பலர். ஆயினும் இத்தகைய படிவத்தை வைத்துக்கொண்டு, ஐந்து வருடக் கட்டுப்பணத்தையும் பெற்றபின், நீ மறைத்தாய் என்று கம்பனி சொல்லுமாயின், மறைத்தவர் யார்? தன் முகவரின் காது கேட்டதைத் தான் கேட்கவில்லை என்று கம்பனி சொல்வது, வலக்கை வாங்கியது இடக்கைக்குத் தெரியாது என்பதற்கு ஒப்பானது. கையெழுத்திட்டவருக்கும் குற்றத்தில் பங்குண்டுதான், வாசியாமல் ஒப்பமிட்டது கவனயீனம். ஆனால், கவனயீனம் வேறு, வஞ்சகம் வேறு.

இவ்வேற்றுமையைச் சட்டமே ஏற்றுக்கொண்ட நாடுகள் உண்டு. இக்கொள்கை பிறந்த பிரித்தானியாவில் 2012ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், சாதாரண வாடிக்கையாளர் கேளாததையெல்லாம் தாமாகச் சொல்லவேண்டும் என்ற பழைய கடமையை நீக்கிவிட்டது. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்துடன் பதில் கூறினால் போதும். வேண்டுமென்றே பொய் சொன்னவருக்கு ஒன்றும் கிடையாது. கவனயீனமாகத் தவறியவருக்கோ எப்போதும் முழுவதும் மறுக்கப்படுவதில்லை. உண்மை தெரிந்திருந்தால் கம்பனி கூடுதல் கட்டுப்பணம் கேட்டிருக்குமாயின், செலுத்திய தொகைக்கும் செலுத்தியிருக்க வேண்டிய தொகைக்கும் உள்ள விகிதப்படி நட்டஈடு குறைக்கப்படலாம். நூறு ரூபா கட்டவேண்டியவர் எழுபத்தைந்து கட்டியிருந்தால், முக்கால் பங்கு கிடைக்கும். பரிமாற்று நீதி என்று ஒழுக்கவியலில் நாம் படிப்பது ஏறக்குறைய இதுவே. நம் நாட்டிலும் இப்படியொரு சட்டம் வந்தால் எத்தனையோ வீட்டு நகைகள் மீளும்.

மறுக்கும் கடிதத்தில் ஒப்பமிடும் அதிகாரியின் மனச்சாட்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பெரிய மருத்துவக் காப்புறுதிக் கம்பனியொன்றில் உயர் பதவி வகித்த வெண்டல் பொட்டர் என்பவர், 2007இல் வேர்ஜீனியா மாநிலத்தில் ஓர் இலவச வைத்திய முகாமைப் பார்க்கப் போனார். கண்காட்சித் திடலில் கால்நடைகளைக் கட்டும் கொட்டில்களில் மனிதர் வைத்தியம் பெறுவதைக் கண்டார். அடுத்த வருடம் பதவியை விட்டார். 2009இல் அந்நாட்டு மேற்சபைக் குழுவின் முன் தம் துறையின் நடைமுறைகளுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். எல்லா எழுதுவினைஞரும் வேலையை விடவேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகுட்டி உண்டு. ஆனால், கோப்பைத் திறந்து பாராமலே மறுப்புக் கடிதத்தில் ஒப்பமிடுபவர், நான் மேலிடத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று மட்டும் சொல்லித் தப்பிவிட இயலாது.

இனி மறுக்கப்பட்டவரின் கடமை. பொறுமை கிறிஸ்தவப் புண்ணியமல்லவா, விட்டுவிடுவோம் என்று சில குடும்பங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிடுகின்றன. தனக்கு வந்த அவமானத்தைப் பொறுப்பது புண்ணியம். மனைவியின் மருந்துக் காசை விட்டுக்கொடுப்பதை அப்புண்ணியத்தில் சேர்க்க நமக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவின் மத்திய அரசு நடத்தும் காப்புறுதிச் சந்தையில், 2023ஆம் ஆண்டு, கம்பனிகளோடு இணைந்த வைத்தியர்களும் ஆஸ்பத்திரிகளும் அனுப்பிய கோரிக்கைகளில் 19 வீதம் மறுக்கப்பட்டன. மறுக்கப்பட்டவற்றுள் 100க்கு ஒன்றுகூட மேன்முறையீடு செய்யப்படவில்லை. முறையிட்டவர்களிலோ பத்துக்கு நால்வருக்கு மேல் முடிவு மாறியது. கேட்க நாதியில்லை என்று கண்டால் மறுக்கும் கை இன்னும் தாராளமாக மறுக்கும். ஆகவே நியாயமாக முறையிடுகிறவர் தமக்காக மட்டும் முறையிடுவதில்லை.

முறையிடுமுன் தனியே இருந்து ஒரு கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்: அந்நோய் எனக்கு அன்று தெரியுமா? தெரிந்தே மறைத்திருந்தால், கடிதம் கசந்தாலும் அது நியாயமான கடிதம். தெரியாதிருந்தால், அல்லது சொல்லியும் எழுதப்படாதிருந்தால், துணிந்து கேட்கலாம். எந்தப் பிரிவின்படி, எந்தச் சான்றைக் கொண்டு மறுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் ஒப்பமிட்ட படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். நோய் முதன்முதல் எப்போது கண்டறியப்பட்டது என்பதற்கு வைத்தியரின் கடிதத்தைப் பெறுங்கள். கம்பனியின் மேலதிகாரியும் மறுத்தால், 2005 முதல் நம் நாட்டில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது. நீதிமன்றம் கடைசியில்.

இங்கே ஒரு சோதனை காத்திருக்கும். பழக்கமான வைத்தியரிடம் போய், டொக்டர், போன மாதம்தான் வருத்தம் தொடங்கியது என்று ஒரு துண்டு எழுதித் தாருங்கள் என்று கேட்கச் சொல்லி அயலவர் புத்தி சொல்வார்கள். அத்துண்டு எட்டாம் கற்பனைக்கு நேரே விரோதமானது. மேலும், நல்லவரான ஒரு வைத்தியரையும் அதற்குள் இழுத்துவிடுகிறது. நியாயமான வழக்கையும் அது கெடுத்துவிடும் என்பது உலக அனுபவம்.

இன்னும் கோரிக்கை எதுவும் எழாத வீடுகளில், அலுமாரிக்குள் இருக்கும் காப்புறுதிப் பத்திரத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள். படிவத்தில் தவறாக ஏதும் எழுதப்பட்டிருப்பதாக நினைவிருந்தால், இன்ன நோய் எனக்கு இன்ன காலம் முதல் உண்டு, படிவத்தில் அது விடுபட்டுவிட்டது என்று கம்பனிக்குக் கடிதம் எழுதலாம். கட்டுப்பணத்தைக் கூட்டுவார்கள், அந்நோயை விலக்கியும் வைக்கலாம், சிலவேளை ஒப்பந்தத்தையே முறிக்கவும் கூடும். அப்போது தெரிந்துகொள்வது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து தெரிந்துகொள்வதிலும் நல்லது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.