பிரதியும் பொறுப்பும்

மூலத்தினின்றும் எடுக்கப்படும் பிரதி மூலத்திலும் தாழ்ந்ததே என்பது மிகப் பழைய கொள்கையாகும். ஓவியன் வரையும் கட்டில் உண்மையினின்றும் மூன்றாம் நிலையில் நிற்பதெனப் பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில் வாதிடுகின்றார். இக்கருத்து எல்லாப் பிரதிகளுக்கும் பொருந்துமா என்னும் வினாவைக் கணினித் துறை இன்று மீண்டும் எழுப்புகின்றது.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலைப் பேணப் பயன்பட்டுவந்த பிட்கீப்பர் மென்பொருளின் இலவச அனுமதி மீளப்பெறப்பட்டபோது, 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் 'கிற்' எனும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமையை ஆக்கினார். அதன் 'குளோன்' கட்டளை, தொலைவிலுள்ள களஞ்சியத்தின் இறுதி வடிவத்தை மாத்திரமன்றி, அதன் வரலாற்றையும் வழமையாக முழுமையாகவே கொணர்கின்றது. எவர், எப்போது, எதனை மாற்றினார் என்பனவும் உடன்வருகின்றன. எனவே இப்பிரதி மூலத்தின் நிழலன்று, அதற்கு நிகரானது. எது மூலம் என்பதை மாந்தரின் உடன்பாடே இங்கு தீர்மானிக்கின்றது.

2011 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், கருநிரலை வழங்கும் கேர்னல்.ஓர்க் சேவையகங்களுள் அயலார் ஊடுருவியமை கண்டறியப்பட்டது. கிற் முறைமையில் ஒவ்வொரு பதிவின் அடையாளமும் அதன் உள்ளடக்கத்தினின்றும் முன்னைய பதிவின் அடையாளத்தினின்றும் கணிக்கப்படுவதாகும். பழைய பதிவொன்று திரிக்கப்படின் அதன்பின் வருவன யாவும் மாறும். ஆயிரக்கணக்கானோரிடமுள்ள பிரதிகள் அத்திரிபைக் காட்டிக்கொடுக்கும். மூலம் ஐயத்திற்குள்ளானபோது பிரதிகளே சாட்சிகளாயின.

ஆயின், இதே இயல்பு அறவினா ஒன்றையும் தோற்றுவிக்கின்றது. இங்கு கொடுத்ததை மீளப்பெறல் இயலாது. கவனக்குறைவாற் பதிவான கடவுச்சொல்லொன்றை உரியவர் தமது களஞ்சியத்தில் அழிப்பினும், முன்னரே பெற்றோரிடம் அது எஞ்சியிருக்கும். கையிலிருப்பது என்பதனாலேயே அதனைப் பயன்படுத்தும் உரிமை கிட்டிவிடுமா? கருநிரலைப் பிறருக்கு வழங்குவோர் மூலநிரலையும் அதே நிபந்தனைகளுடன் வழங்குதல் வேண்டுமென அதன் உரிமம் விதிக்கின்றது. எனினும், பெற்றவன் தனிமையில் யாது செய்கின்றான் என்பதை எவ்வுரிமமும் முற்றாகக் காவல்செய்ய இயலாது. அவ்விடத்தில் அவனது மனச்சாட்சியே எஞ்சுகின்றது.

பிறரின் உழைப்பை அவர்தம் பெயர்களோடும் பிழைகளோடும் ஒருசேரப் பெறுபவன் வெறும் நுகர்வோன் அல்லன். பெயர்களை மறையாமலும் பிழைகளைத் தன்னலத்திற்குக் கருவியாக்காமலும் பேணுதல் அவன் கடனாகும். மூலத்துக்கு நிகரான பிரதியைப் பெற்றவன், மூலத்தை ஆக்கியோருக்கு நிகரான பொறுப்பையும் ஏற்றவனாகின்றான்.